பதிமூன்றாம் பக்கம்

சலவை ஆலைக்குப் பின்னால் இருக்கிற நாலு தெருவிலும் ஒருத்தர் பெயர் இன்னொருத்தருக்குத் தெரியாது. தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று இருந்துவிட்டார்கள். பூட்டு சரி செய்கிறவர் பூட்டுக்காரர். ஆலையில் துணி மடிக்கிறவள் மடிப்பக்கா. அவளுக்கு எதிர்முனை பிடிக்கிற ஒல்லிப் பெண்ணுக்குக் குண்டூசி என்று பெயர். உடம்பைப் பார்த்து வைத்தார்களா, நாக்கைப் பார்த்து வைத்தார்களா என்பது யாருக்கும் நினைவில்லை. மடிப்பக்காவின் புருஷன் பாய்லர்காரர். ஒரு தடவை தபால்காரர் பதிவுத் தபால் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, அவருடைய முழுப் பெயரையும் சொல்லி நாலு தெருவையும் மூன்று முறை சுற்றினார். கடைசியில் பாய்லர்காரரிடமே வந்து விசாரித்தார். "அப்படி யாரும் இங்க இல்லையே" என்று இவர் சொல்லி அனுப்பிவிட்டு, உள்ளே போய்த் தண்ணீர் குடிக்கும்போதுதான் "அட, அது நான்தானே!" என்று பின்னால் ஓடினார். இதை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள்.

ஆலைக்கு வருவதெல்லாம் ஆஸ்பத்திரித் துணி. துவைத்து, பிழிந்து, நீராவி உருளைக்குள் விட்டால் விரிப்புகள் மொடமொடவென்று சுடச்சுட அந்தப் பக்கம் வரும். இரண்டு பேர் நாலு முனையையும் பிடித்து உதற வேண்டும். பிறகு ஒருத்தி நடந்து வந்து தன் முனைகளை அடுத்தவள் கையில் கொடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு எழுநூறு விரிப்பு. அப்படியென்றால் எழுநூறு தடவை குண்டூசியின் முகத்துக்கு நேரே முகத்தைக் கொண்டுபோக வேண்டும். மடிப்பு மேஜையில் ரகசியம் காப்பது லேசுப்பட்ட காரியமில்லை. மடிப்பக்கா ஒரு வருஷத்துக்கு மேலாகக் காத்துவந்தாள்.

ரகசியம் இதுதான். பாய்லர்காரர் ஏணியிலிருந்து விழுந்து தோள்பட்டையில் அடிபட்டபோது டாக்டர் பத்து நாளைக்கு வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார். பத்து நாள் மாத்திரையை அவர் பதினோரு மாதம் தின்றார். மருந்துக்கடையில் சீட்டெல்லாம் கேட்கவில்லை. முதலில் வலிக்கு, அப்புறம் வலி வந்துவிடுமோ என்பதற்கு, அப்புறம் சும்மாவே. ஒரு நாள் மத்தியானம் சாப்பாடு கொடுக்கப் போன மடிப்பக்கா, அவர் நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு தூங்குவதைப் பார்த்தாள். பாய்லரில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று காட்டுகிற கண்ணாடிக் குழாயையும் பார்த்தாள். குழாயில் தண்ணீரே தெரியவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் நாற்பது பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

அடுத்த வாரமே அவரை இருபத்தோரு நாள் சிகிச்சைக்கு அனுப்பினாள். மேனேஜரிடம், "அவங்க அக்கா வீட்டுல கட்டட வேலை" என்று சொல்லி லீவு வாங்கினார்கள். போய்வந்து பதினாலு மாதம் ஆகிறது. ஒரு மாத்திரை தொட்டதில்லை. ஆனால் பாய்லருக்கு முன்னால் தூங்கினவர் என்று வெளியே தெரிந்தால் எந்த ஆலையில் அவரை நிற்கவிடுவார்கள்? வேறு வேலையும் அவருக்குத் தெரியாது. இந்தப் பயம் அவளுக்கு மேனேஜர் குரலைக் கேட்கும்போதெல்லாம் வரும். அவர் தினமும் காலையில் பாய்லர் அறை வாசலில் நின்று, "தண்ணி எவ்வளவு?" என்று கேட்பார். "முக்கால், சார்" என்று உள்ளேயிருந்து பதில் வரும். வருஷக்கணக்காக இதுதான். அவர் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து நோட்டு டீச்சர் வந்தாள். டீச்சர் ஒன்றும் இல்லை. கையில் எப்போதும் நோட்டு இருந்ததால் அப்படி ஆகிவிட்டது. போதைப் பழக்கம் எப்படி வருகிறது, எப்படித் தடுப்பது என்று வீடு வீடாகக் கேட்டு எழுதினாள். இருநூற்றுப் பன்னிரண்டு வீடு. மூன்று மாதத்துக்கு முன்னால் மடிப்பக்கா வீட்டிலும் உட்கார்ந்தாள். "உங்க பேரு எங்கயும் வராதுக்கா" என்று காகிதத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாள். மடிப்பக்கா முதலில் இல்லை, தெரியாது என்றுதான் ஆரம்பித்தாள். பிறகு இரண்டரை மணி நேரம் பேசினாள். பேசி முடித்த அன்றைக்கு ரெண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆலையின் சாப்பாட்டுக் கொட்டகையில் கூட்டம். ஆராய்ச்சியில் தெரிந்ததை எல்லோருக்கும் சொல்லி, புத்தகமும் கொடுப்பார்கள் என்று அறிவிப்பு. நாற்காலியும் டீயும் மேனேஜர் உபயம். சனிக்கிழமை மூன்று மணிக்கே நோட்டு டீச்சர் இருநூறு புத்தகத்தையும் ஆட்டோவில் கொண்டுவந்து மடிப்பக்கா வீட்டில் இறக்கினாள். வெளியே மழை பிடித்துக்கொண்டது.

"பாருங்கக்கா, பதிமூணாம் பக்கம். நீங்க சொன்னதுதான். அச்சுல எவ்வளவு நல்லா வந்திருக்கு!"

மடிப்பக்கா விரலை வைத்து வாசித்தாள். 'சலவை ஆலை ஒன்றில் பாய்லர் இயக்கும் நாற்பத்தொரு வயது ஆண்...' 

"டீச்சர், என்ன இது?"

"பேரு இல்லக்கா. உங்க பேரு, அண்ணன் பேரு, தெருப் பேரு எதுவுமே இல்ல. மூணு தடவை சரிபார்த்தேன்."

"இங்க சலவை ஆலை எத்தனை இருக்கு?"

"ஒண்ணு."

"அதுல பாய்லர்?"

டீச்சர் மறுபடியும் பதிமூன்றாம் பக்கத்தைப் பார்த்தாள்.

"ராத்திரி பாக்கறவருக்கு அறுபத்திரண்டு வயசு. அப்புறம் நாப்பத்தொரு வயசு யாரு, நானா? அடியம்மா, இதுக்கு அவரு பேரை அப்பா பேரோட சேத்துக் கொட்டை எழுத்துல போட்டிருக்கலாமே! ஒரு ஈ காக்காக்குத் தெரிஞ்சிருக்காது. அவருக்கே தெரிஞ்சிருக்காது!"

டீச்சர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். படிப்பு, பயிற்சி எல்லாவற்றிலும் பெயரை மறைக்கத்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். தொழிலைப் போட்டால்தான் எந்த வேலைக்காரர்களுக்கு எந்த மாத்திரை என்று புரியும் என்று அவளுடைய பெரிய சாரும் சொல்லியிருந்தார். அழுகை வந்துவிட்டது அவளுக்கு. மடிப்பக்காவுக்கு அழ நேரமில்லை.

"மையால அழிச்சிடலாமாக்கா?"

"அழிச்சா வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் படிப்பாளுங்க. எங்கப்பன் குதிருக்குள்ள இல்லைன்ன கதையாயிடும்."

"நாளைக்குக் கூட்டமே வேண்டாம்னு சொல்லிடறேன்."

"சொன்னா ஏன்னு கேப்பாங்க. உங்க சாரைக் கேளுங்க, இந்தத் தாளை எடுத்துடலாமான்னு."

டீச்சர் போன் செய்தாள். பேசினது அவர்கள்தான், வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் அவர்களுக்குத்தான் என்றார் சார். நல்ல மனுஷன். இரண்டு பேரும் ஆளுக்கொரு பிளேடை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். வெட்டின தாளையெல்லாம் ஒரு வாளித் தண்ணீரில் போட்டாள் மடிப்பக்கா. ஊறிக் கூழாகிவிட்டால் எவரும் படிக்க முடியாது. எழுபது எண்பது ஆகியிருக்கும். டீச்சர் கை நின்றது.

"ஐயோ, அக்கா. இதோட பின்பக்கம் பதினாலு. அதுலதான் எந்த ஆஸ்பத்திரிக்குப் போகணும், என்னைக்கு டாக்டர் இருப்பாரு, எல்லாம் போட்டிருக்கு. புத்தகத்துல உருப்படியான பக்கமே அதுதான்."

"வாயால சொல்லிடுங்க. எல்லாருக்கும் காது இருக்குல்ல."

அப்போது பாய்லர்காரர் ஷிப்ட் முடிந்து நனைந்துகொண்டு வந்தார். வீடு முழுக்கப் புத்தகம், வாளி நிறையக் காகிதம், அழுத முகத்தோடு ஒரு பெண். அவருக்கு இந்தப் பேட்டி நடந்ததே தெரியாது. ஒரு புத்தகத்தை எடுத்து, பெண்டாட்டி வெட்டிக்கொண்டிருந்த பக்கத்தைப் படித்தார். நின்றபடியே முழுக்கப் படித்தார்.

"நீ சொன்னியா?"

"சொன்னேன்."

"எல்லாத்தையுமா? அன்னைக்குத் தண்ணி கீழ போனதையுமா?"

"எல்லாத்தையும்தான். தினமும் எழுநூறு தடவை குண்டூசி மூஞ்சிக்கு நேரா நிக்கறேன், ஒரு வார்த்தை விடல. உங்க அக்காகிட்ட சொல்லல, எங்கம்மாகிட்ட சொல்லல. யாராவது ஒருத்தர்கிட்ட சொல்லலன்னா எனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கும். திட்டறதுன்னா திட்டுங்க."

அவர் திட்டவில்லை. தாளின் கடைசி வரிக்கு மறுபடியும் போனார்.

"'மனைவியே எரிப்பானை நிறுத்தினார்'னு போட்டிருக்கே. நீயா நிறுத்தின?"

"வேற யாரு?"

"தண்ணி கொறைஞ்சதும் அதுவா நின்னுதுன்னு நெனச்சிட்டிருந்தேன். அதுக்குன்னு ஒரு விசை இருக்கு."

"அது வேலை செய்யலங்க. நெருப்பு எரிஞ்சுக்கிட்டுத்தான் இருந்துது. தண்ணி திறக்கலாமான்னு கை போச்சு. காய்ஞ்சிருக்கும்போது பச்சைத் தண்ணி விட்டா வெடிச்சிடும்னு ஒரு தடவை சொன்னீங்கல்ல. அதனால நெருப்பை நிறுத்தற செவப்புப் பொத்தானை மட்டும் அமுக்கினேன்."

"இதை எங்கிட்ட சொல்லவே இல்லையே."

"சொன்னா உங்களால மறுபடியும் அந்த நாற்காலில உக்கார முடியுமா?"

அவர் ஈரச் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார். அப்புறம் அவள் கையிலிருந்து பிளேடை வாங்கினார். "குடு. நீ வெட்டினா கோணலா வருது" என்றார்.  மூன்று பேருமாக இருட்டுவதற்குள் முடித்துவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமையும் மழை விடவில்லை. தகரக் கூரையில் அது அடித்த அடியில் டீச்சர் கத்திக் கத்திப் பேச வேண்டியிருந்தது. ஐம்பது அறுபது பேர் வந்திருந்தார்கள். முன்வரிசையில் மேனேஜர். கடைசி வரிசையில், கதவை ஒட்டி, பாய்லர்காரர்.

இருநூற்றுப் பன்னிரண்டு வீட்டில் முப்பத்தொரு வீட்டில் யாரோ ஒருவருக்குப் பழக்கம் இருக்கிறது என்றாள் டீச்சர். அதில் இருபத்தேழு வீட்டில் அது தெருமுனையில் ஆரம்பிக்கவில்லை. வலிக்கும் தூக்கத்துக்கும் டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையில் ஆரம்பித்திருக்கிறது. மருந்துக்கடையில் சீட்டில்லாமல் கொடுக்காமலிருந்தால் பாதிக்கு மேல் அங்கேயே நின்றிருக்கும். சிகிச்சைக்குப் போனது நாலே வீடு. மற்றவர்கள் ஏன் போகவில்லை என்று கேட்டதற்கு எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்லியிருந்தார்கள்: வெளியே தெரிந்துவிடும்.

மேனேஜர் எழுந்து நன்றி சொன்னார். "நல்ல ஆராய்ச்சி. ஆனா ஒண்ணு, நம்ம ஆளுங்க உழைக்கற ஆளுங்க. இதெல்லாம் வேற எங்கயாவது இருக்கும். இங்க இல்ல." எல்லோரும் கை தட்டினார்கள். பாய்லர்காரரும் தட்டினார்.

டீச்சர் ஆஸ்பத்திரி பெயரையும், எந்த வாசல், எந்தக் கிழமை என்பதையும் இரண்டு தடவை சத்தமாகச் சொன்னாள். காது எல்லோருக்கும் இருந்தது. ஆனால் ஒரு ஆள்கூடப் பேனாவை எடுக்கவில்லை. ஊரே பார்க்க எவர் எடுப்பார்? மடிப்பக்காவுக்கு அது அப்போதுதான் உறைத்தது. அந்தத் தாள் மட்டும் புத்தகத்தில் இருந்திருந்தால் யாருக்கும் தெரியாமல் வீட்டுக்குக் கொண்டுபோயிருப்பார்கள். தன் வீட்டுக்காக முப்பது வீட்டு வாசலை அடைத்துவிட்டோமே என்று மனசு அடித்துக்கொண்டது.

டீ கொடுக்கும்போது குண்டூசி புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"இதென்னடி கூத்து! பன்னெண்டுக்கு அப்புறம் பதினஞ்சு. இங்க பாரு, பிளேடு போட்டிருக்கு. டீச்சர், என்னத்த வெட்டினீங்க?"

ஐம்பது புத்தகமும் ஒரே நேரத்தில் திறந்தன.  டீச்சருக்குப் பொய் சொல்ல வராது. "அது ஒரு வீட்டைப் பத்தின விஷயம். அவங்க வேண்டாம்னாங்க" என்றாள்.

போச்சு, எல்லாம் போச்சு என்று மடிப்பக்கா டீத் தட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள். இப்போது எல்லோரும் திரும்பித் தன்னைத்தான் பார்ப்பார்கள் என்று காத்திருந்தாள். ஒருவரும் பார்க்கவில்லை. எல்லோரும் அவரவர் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பூட்டுக்காரர் இரண்டாவது டீ எடுக்கிற சாக்கில் பக்கத்தில் வந்தார். "ஏம்மா, எங்க வீட்டம்மா அந்தப் பொண்ணுகிட்ட ஏதாவது உளறிவச்சாளா? வெட்டினது எங்க வீட்டுதா?"

"சேச்சே, உங்க வீடு இல்லண்ணே."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"டீச்சர் சொன்னாங்க" என்று சமாளித்தாள். அவர் நிம்மதியாகப் போவார் என்று பார்த்தால் போகவில்லை. "செவ்வாய்னாங்க, இன்னொண்ணு என்ன கிழமை?" என்றார் டீயைப் பார்த்துக்கொண்டே.

"வெள்ளி, அண்ணே."

கூட்டம் கலைந்த பிறகு கொட்டகைக்குப் பின்னால் குழாயடியில் அவள் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தாள். மேனேஜர் குடையோடு வந்து நின்றார். எதற்கோ வந்தவர்போலக் குழாயைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார்.

"அந்தப் பொண்ணு உங்க வீட்டுக்குத்தான் அடிக்கடி வருமாமே."

"ஆமா, சார்."

"அந்தப் பக்கத்துல... மேனேஜர் சம்சாரம்னு ஏதாவது இருந்துதா?"

மடிப்பக்கா கையிலிருந்த கிளாஸ் நழுவித் தொட்டியில் விழுந்தது.

"எங்க வீட்டுலயும் வந்து கதவைச் சாத்திக்கிட்டு ஒரு மணி நேரம் பேசினா. நான் என்னன்னு கேக்கல. என் சம்சாரத்துக்குத் தூக்கம் வராதும்மா. ஒரு மாத்திரையில ஆரம்பிச்சா. இப்பப் பகல்லயும் போடறா. அடுப்பைப் பத்தவச்சிட்டு மறந்துடறா. போன வாரம் நான் போய்ப் பாக்கும்போது பாத்திரம் கரியாகிக் கெடக்கு, அவ பக்கத்துலயே உக்காந்திருக்கா." மேனேஜர் குடையை மறு கைக்கு மாற்றினார். "நான் கூட்டத்துல பேசினதைக் கேட்டீங்கல்ல?"

'எனக்கு ஒண்ணும் தெரியாது சார்' என்று சொன்னால் விஷயம் முடிந்தது. அவர் போய்விடுவார், வேலைக்கும் ஆபத்தில்லை, சோற்றுக்கும் ஆபத்தில்லை. அவளுக்கு அது தெரியும். அடுப்பும், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பொம்பளையும் கண்ணுக்குள் வந்தார்கள். அப்புறம் அந்தக் கண்ணாடிக் குழாய் வந்தது.

"உங்க வீடு இல்ல, சார்" என்றாள். "நீங்க செவ்வாய்க்கிழமை போங்க. முன்வாசல்ல போகாதீங்க, அங்க கூட்டமா இருக்கும். மருந்து ஸ்டோர் பக்கமா ரெண்டாவது வாசல். எட்டு மணிக்கே போயிடணும், டாக்டரம்மா பத்தரைக்குக் கெளம்பிடுவாங்க. இருபத்தோரு நாள். கூட ஒரு ஆள் தங்கணும். மொத நாலு நாள் கத்துவாங்க, திட்டுவாங்க, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போன்னு காலைப் பிடிப்பாங்க. கூட்டிட்டு வந்துடாதீங்க. அஞ்சாவது நாள் பசிக்குதும்பாங்க. அப்புறம் ஒரு போர்வை எடுத்துட்டுப் போங்க சார், அவங்க குடுக்கறது மெல்லிசு."

சொல்லி முடித்த பிறகுதான் எவ்வளவு சொல்லிவிட்டோம் என்பது தெரிந்தது.

"இருபத்தோரு நாளா" என்றார் மேனேஜர் மெதுவாக. மழைக்கு நடுவே தெரிந்த பாய்லர் புகைபோக்கியை நிமிர்ந்து பார்த்தார். அவளைப் பார்த்தார். குடையைச் சாய்த்துக்கொண்டு போய்விட்டார்.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டோம் என்று அவள் அன்றைக்குச் சாப்பிடவே இல்லை. பாய்லர்காரரிடமும் சொல்லவில்லை. திங்கட்கிழமை காலையில் விரிப்பை உதறும்போதெல்லாம் கண் பாய்லர் அறை வாசலுக்கே போனது. மேனேஜர் வந்தார். வழக்கமான இடத்தில் நின்றார்.

"தண்ணி எவ்வளவு?"

"முக்கால், சார்."

அவர் நகரவில்லை. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக வாசற்படியைத் தாண்டி உள்ளே போனார். குனிந்து, கண்ணாடிக் குழாய்க்கு நேரே முகத்தை வைத்துப் பார்த்தார். மடிப்பக்காவின் கையிலிருந்து முனை நழுவி விரிப்பு தரையில் புரண்டது. "கையில என்ன வெண்ணெயா தடவியிருக்க?" என்று குண்டூசி கத்தினாள். மேனேஜர் வெளியே வந்து, அறையைத் திரும்பிப் பார்க்காமல் ஆபீசுக்குள் போனார். சாயங்காலம் வரை யாரும் யாரையும் கூப்பிடவில்லை.

செவ்வாய்க்கிழமை வெயில் அடித்தது. எட்டரைக்குக் குமாஸ்தா கையில் சாவிக்கொத்தோடு மடிப்பு மேஜையைத் தாண்டிப் போனார். மடிப்பக்கா உதறுவதை விட்டுவிட்டு அந்தச் சாவியையே பார்த்தாள்.

"எங்கண்ணே போறீங்க, சாவியை எடுத்துக்கிட்டு?" என்றாள் குண்டூசி. அவளுக்குக் கேட்காமல் இருக்க முடியாது.

"பாய்லர் ரூமுக்கு. மேனேஜர் மூணு வாரம் லீவு. அவர் வர்ற வரைக்கும் பாய்லர், பம்பு, எண்ணெய் ஸ்டோர் எல்லாம் பாய்லர்காரர் பொறுப்பாம். பாய்லர்காரர் நேத்து எழுதிக் கேட்ட தண்ணி விசையை மாத்தச் சொல்லியும் எழுதிவச்சிட்டுப் போயிருக்காரு."

"மூணு வாரமா? அப்படி என்ன லீவு?"

"அவங்க அக்கா வீட்டுல கட்டட வேலையாம்."

குமாஸ்தா போய்விட்டார். குண்டூசி விரிப்பின் இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"ஏய், மேனேஜருக்கு ஏதுடி அக்கா? ஒத்தப் பிள்ளைன்னு அவங்கம்மா ஊரெல்லாம் பீத்திக்குமே!"

மடிப்பக்காவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. உருளையிலிருந்து வந்த ஆவி நல்லவேளையாக நடுவில் இருந்தது. அவள் நடந்து போய்த் தன் முனைகளைக் குண்டூசியின் கையில் கொடுத்தாள், முகத்துக்கு நேரே முகம்.

"பெரியப்பா பொண்ணா இருக்கும்" என்றாள். "நீ முனையைச் சரியாப் பிடி."